தூணில்லாத டோர்க்காஸ்

முழுநிலாவை ஒட்டிய நாட்களில் கடல் கோயிலுக்குள் வந்துவிடும். சத்தம் போட்டு வராது. பாதி ஜெபத்தில் பாய் நனைந்த பிறகுதான் அது வந்திருப்பதே தெரியும். அதற்காக வகோலா ஊரில் யாரும் ஆராதனையை நிறுத்துவதில்லை. மாமா எலிசன் வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு மேலே படிப்பார். பாதிரியாரை மாமா என்பதுதான் இந்தத் தீவுகளின் வழக்கம். சின்னச் சின்ன மீன்கள் தூண்களைச் சுற்றி வரும். பீடத்தில் பதித்த சிப்பித் துண்டுகளின் ஒளி தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து கூரைக்கு ஏறி, ஓலைக்கு அடியில் ஆடிக்கொண்டிருக்கும். அப்போது டோர்க்காஸ் கண்ணை மூட மாட்டாள். ஜெபத்தில் கண்ணைத் திறந்திருப்பது தப்பு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கோயில் மெல்லக் கரையை விட்டுக் கிளம்பி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போவதாக அவளுக்குத் தோன்றும். அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடினால் இறங்கவேண்டிய இடம் தவறிவிடுமே.

மற்றவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. பிடித்துக்கொள்ள அவர்களுக்குத் தூண் இருந்தது.

வகோலா கோயிலில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு தூண். அந்த வம்சத்தார் அதன் காலடியில்தான் உட்காருவார்கள், அதில்தான் முதுகைச் சாய்ப்பார்கள். பிரசங்கம் நீண்டால் அதிலேயே கன்னத்தை வைத்துத் தூங்குவார்கள். செத்தால் அடக்கத்துக்கு முன் ஒரு பகல் அந்தத் தூணருகே கிடத்தப்படுவார்கள். தூண் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு, கதவோரம். அங்கே பாயை விரித்தால் தலை உள்ளே இருக்கும், கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படிக் கிடத்தப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. வழியில் நோய்கண்டு இறந்த ஒரு கப்பல்காரன், யாரென்றே தெரியாமல் கரை ஒதுங்கிய ஒருவன். பிறகு டோர்க்காஸின் மகள் எஸ்மி. ஆறு வயது.

டோர்க்காஸ் பக்கத்துத் தீவிலிருந்து வந்த மலைட்டாக்காரி. கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய திட்டுகளில் குடியிருக்கும் ஜனம். அங்கே பிள்ளைக்கு அப்பன் வழி. வகோலா இருக்கிற இசபெல் தீவில் பிள்ளைக்கு அம்மா வழி. அவள் காஸ்பரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? இங்கிருந்து அவள் தீவின் தென்னந்தோப்பில் கூலிவேலைக்கு வந்திருந்த காஸ்பர் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவள் யோசித்தது அவ்வளவுதான். பெற்றெடுத்த பிறகுதான் தெரிந்தது: இங்கத்திய கணக்கில் அவள் பிள்ளைகள் அம்மா பிள்ளைகள், அம்மா ஊர்க் கணக்கில் அப்பா பிள்ளைகள். இரண்டு ஊர் நியாயத்துக்கும் நடுவில் அவர்கள் பொத்தென்று விழுந்தார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் இருந்தது. ஒரு வம்சத்தின் மூத்த பெண் தன் தூணில் கையை வைத்து, “உள்ளே கொண்டுவாங்க” என்று சொன்னால் போதும். யாராக இருந்தாலும் அந்தத் தூணருகே கிடத்தலாம். காஸ்பர் வம்சத்தின் மூத்தவள் அவனுடைய அக்கா நெஸ்ட்டா. எஸ்மி காய்ச்சலில் போன அன்று காஸ்பர் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஊரே பார்த்தது. நெஸ்ட்டா தன் தூணருகே நின்றாள். கையை மட்டும் எடுத்து வைக்கவில்லை.

“அம்மா வழி எதுவோ அதுதான் பிள்ளை வழி. நானா இந்தச் சட்டத்தைப் போட்டேன்?” என்றாள்.

அன்று தூறல். எஸ்மியின் பாதங்கள் நனைந்துகொண்டிருந்தன. டோர்க்காஸ் அவற்றை முந்தானைபோல் எதையாவது கொண்டு மூடலாம் என்று தேடி, ஒன்றும் கிடைக்காமல் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் ஆசை என்று ஒன்றே ஒன்றுதான். தானும் மிச்சமிருக்கிற மகள் ஹில்டாவும் அவளுக்குப் பிறக்கப்போகும் பெண்களும் கதவோரம் கிடக்கக்கூடாது. ஒரு தூண் வேண்டும். அதைக் கேட்க அவளுக்கு வாயும் இல்லை, கேட்டால் கொடுக்க ஒரு வழியும் இல்லை. தூண்கள் அனைத்தும் ஏற்கெனவே யாருடையவையோ.

காஸ்பர் பிறகு ஒருநாள் மீன் பிடிக்கப் போனவன் பிணமாக வந்தான். அக்காவின் தூணருகே ஜம்மென்று கிடந்தான். டோர்க்காஸ் எட்ட உட்கார்ந்து பார்த்தாள்.

அவள் மலைட்டாவுக்குத் திரும்பிப் போகவில்லை. எஸ்மியின் குழி இங்கே இருக்கும்போது எப்படிப் போவாள்? கோயிலைப் பெருக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாள் என்பதைவிட, அது வந்து ஒட்டிக்கொண்டது என்பதே சரி. ஒரு வம்சத்தார் இன்னொரு வம்சத்துத் தூணைத் தொட்டு வேலை செய்தால் தன் தூணுக்குத் துரோகம் செய்வதாக அர்த்தம். தூணே இல்லாதவள் எதைத் தொட்டாலும் யாருக்கும் துரோகமில்லை. ஆகவே எல்லாத் தூணையும் தேய்ப்பதும், கறையான் பார்ப்பதும், சுண்ணாம்பு பூசுவதும் அவள் தலையில் விழுந்தன. ஊரில் சும்மா கிடைக்கிற வேலைகள் எப்போதும் இப்படிப்பட்ட தலையாகப் பார்த்துத்தான் விழும்.

பகலில் கோயில் காலியாக இருக்கும்போது, துடைப்பம் மணலில் கோடு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் ஏதோ ஓர் இடத்துக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு தூணும் அவளிடம் தன் கதையைச் சொல்லும். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். இந்தக் கோயிலின் சரித்திரம் அவளுக்கு விரல்நுனியில் ஏறியிருந்தது.

பீடத்துக்குப் பக்கத்தில் இருப்பது முதல் தூண். தலை வெட்டுகிறவர்கள் மேற்கிலிருந்து படகில் வருவார்கள் என்று ஜனங்கள் மலையுச்சி மரங்களில் குடிசை கட்டி ஒளிந்திருந்த காலம் அது. மிஷன் பள்ளியில் படித்த கிளமென்ட் என்ற இளைஞன் ஒரு ஜெபப்புத்தகத்தோடு கப்பலிலிருந்து இறங்கி, இந்த வெறுங்கரையில் தனியாக உட்கார்ந்து பாட ஆரம்பித்தான். மலைமேல் கேட்டது. பைத்தியம் போலிருக்கிறது என்றார்கள். பல நாள் பாடினான், யாரும் அவன் தலையை வெட்டவில்லை. முதலில் ஒரு வம்சம் இறங்கி வந்தது. வரும்போது வெறுங்கையோடு வராமல் தங்கள் காட்டிலிருந்து ஓர் இரும்பு மரத்தைத் தோளில் சுமந்து வந்தது. “இது எங்க மரம். நாங்க இங்கதான் நிக்கிறோம்” என்று நட்டார்கள். பிறகு அடுத்த வம்சம், அடுத்த மரம். பயத்திலிருந்து ஒவ்வொரு வம்சமாக இறங்கிவந்த வரிசைதான் இந்தத் தூண் வரிசை. தேய்க்கும்போது டோர்க்காஸுக்கு அந்தக் காலடிகள் கேட்கும், ஈரத் தழைகளை மிதித்துக்கொண்டு.

மூன்றாவது தூணில் ஒரு துளை. உலகச் சண்டைக் காலத்தில் ஆகாயத்திலிருந்து வந்த குண்டு. அன்று பீடத்துச் சிலுவையைச் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் புதைத்துவிட்டு ஜனங்கள் மறுபடி மலையேறினார்கள். திரும்பி வந்து எங்கே புதைத்தோம் என்று தெரியாமல் தோட்டம் முழுக்கக் கிளறியதில் அந்த வருஷம் கிழங்கு விளைச்சல் அமோகம். அந்தத் துளையில் விரலை விடாத குழந்தை வகோலாவில் கிடையாது. எஸ்மியும் விட்டிருக்கிறாள். அங்கே வரும்போது டோர்க்காஸின் துடைக்கும் துணி சற்று நேரம் நிற்கும்.

கடைசித் தூண் குட்டை. அது நெஸ்ட்டா வம்சத்துடையது. மற்றவர்கள் எல்லாம் இறங்கி வந்து ஞானஸ்நானம் வாங்கி முடித்த பிறகும் இவர்கள் சந்தேகத்தோடு மேலேயே இருந்தார்கள். கூரை வேயப்போகும் சமயத்தில் அவசர அவசரமாகக் கையில் கிடைத்த மரத்தோடு வந்தார்கள். உயரம் போதவில்லை. அடியில் ஒரு பவளக்கல்லை வைத்து நிமிர்த்தினார்கள். அந்த மூலையில் கூரை இன்றும் கொஞ்சம் சரிந்தே இருக்கும். நெஸ்ட்டாவிடம் இதைச் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது.

டோர்க்காஸ் மட்டும் சொல்வாள்.

“மதினி, உங்க தூணுக்குச் சுண்ணாம்பு கம்மியாத்தான் ஆகுது. பாதிதானே இருக்கு.”

“கல்லு மேல பொறந்த கடல்காரிக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்? அடியில நல்லாத் தேயி.”

“தேய்க்கிறேன். குனிஞ்சு குனிஞ்சு முதுகுதான் போச்சு.”

“நாப்பது வருஷமா இதே முதுகு, இதே பாட்டு” என்று நெஸ்ட்டா பாக்கைத் துப்புவாள்.

முதுகுவலி பொய்யில்லை. கோயில் நடுவில், சாய எதுவுமில்லாத வெறும் பாயில் அத்தனை வருஷம் உட்கார்ந்தால் யாருக்கும் வரும்.

கடல் வாராவாரம் உள்ளே வர ஆரம்பித்ததும், கோயிலை மேட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. புது மரம் வேண்டாம், அதே தூண்களைப் பிடுங்கி அந்தந்த வம்சத்தார் சுமந்துபோய் நடுவது. ஆயர் வரும் நாளும் குறித்தாயிற்று. பாட்டுப் பாடிக்கொண்டு ஒவ்வொரு வம்சமும் தன் மரத்தைத் தூக்கியது. ஆண்கள், பெண்கள், தவழ்கிற பிள்ளையைக்கூட ஒரு கை தொடவைத்து ஏறினார்கள். கீழே ஓலையும் பாயும் போய், சுவரில்லாமல், ஈரக் குழிகள் மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. அந்தக் குழிகளுக்கு நடுவே குட்டைத்தூண் படுத்திருந்தது. அதன்மேல் நெஸ்ட்டா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு மகள் இல்லை. இரண்டு மகன்களும் பழம் பறிக்க ஆஸ்திரேலியா போயிருந்தார்கள். மகன்களின் பிள்ளைகள் தங்கள் அம்மாமார்களின் தூண்களோடு மேலே போய்விட்டார்கள். அவளுடைய மரத்துக்குத் தோள் கொடுக்க அவளைத் தவிர ஆளில்லை. மற்றவர்கள் தள்ளி நின்று ஐயோ பாவம் என்றார்கள். தொட முடியாதே. மாமா எலிசன் இரண்டு முறை மேட்டிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவரும் வேறொரு தூண்காரர்தான். கடல் ஏற்றம் தொடங்கிவிட்டது. அலை ஒன்று வந்து மரத்தைத் தொட்டு, சற்றே அசைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

டோர்க்காஸ் தென்னையடியில் நின்று பார்த்தாள். நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பை அவள் மறைக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. எஸ்மியை உள்ளே விடாத மரம், போகட்டும், மிதந்து மலைட்டாவுக்கே போகட்டும். ஆனால் அடுத்த அலை வந்து தூணின் சுண்ணாம்பைக் கரைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. போன வாரம்தான் பூசியது. காஸ்பரின் தலை பட்டுப் பட்டு வழவழப்பான ஓர் இடம் அதில் உண்டு. அது எங்கே என்று அவள் கைக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் ஹில்டாவைக் கூப்பிட்டாள். ஹில்டாவின் மூன்று பெண்களும் கயிறும் கழியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

நெஸ்ட்டா நிமிர்ந்து பார்த்தாள். “யாருடி உங்களக் கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல. எந்திரி மதினி. மரத்தத் தூக்கலாம், உன்னையும் சேத்துத் தூக்க முடியாது.”

“இது எங்க வம்சத்து மரம்.”

“தெரியும். எனக்குத்தான் வம்சமே இல்லையே. நான் தொட்டா எந்தத் தூணு கோவிச்சுக்கப் போவுது?”

நெஸ்ட்டா பிறர் சொல்லிக் கேட்பது அபூர்வம், இப்போது கேட்டாள். எழுந்தாள். ஐந்து பெண்கள் கழி கொடுத்துத் தூக்கினார்கள். குட்டையாக இருந்ததே நல்லதாயிற்று. பத்தடிக்கு ஒருமுறை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, மேட்டுப் பாதையில் ஏறினார்கள். பாட்டு யாருக்கும் வரவில்லை. நெஸ்ட்டா மரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். பாதி வழியில், யாரிடமோ சொல்வதுபோல், முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னைக்கு அந்தப் பிள்ளை காலு நனைஞ்சுது. நான் பாத்தேன்.”

“நீ பாத்தத நானும் பாத்தேன்” என்றாள் டோர்க்காஸ். தோளில் கழி அழுத்திக்கொண்டிருந்தது.

மேட்டில் கடைசிக் குழி காத்திருந்தது. தூணை இறக்கி நிமிர்த்தினார்கள். இனி மூத்தவள் முதல் பிடி மண்ணைப் போடவேண்டும். போடுகிறவள் எவளோ, தூண் அவள் வம்சத்துடையது. ஒரு தூணுக்கு ஒரு வம்சம்தான். நெஸ்ட்டா குனிந்து மண்ணை அள்ளினாள். அள்ளியதை டோர்க்காஸின் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தாள்.

மாமா எலிசன் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றவர் பதறிப் போனார். “நெஸ்ட்டா, தெரிஞ்சுதான் செய்றியா? அவ போட்டுட்டா உனக்கு இதுல பாத்தியதை இல்ல. உன் பசங்களுக்கும் இல்ல.”

“என் பசங்க ஆப்பிள் மரத்துல சாஞ்சுக்கிட்டு இருக்கானுங்க மாமா. எனக்கப்புறம் இதுக்கு யாரு? இவளுக்குப் பொண்ணு இருக்கு, பொண்ணுக்குப் பொண்ணு இருக்கு. இவ முதுகுவலிப் பாட்டக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி வந்தாச்சு. போடச் சொல்லுங்க.”

டோர்க்காஸின் கையில் மண் கனத்தது. இத்தனை வருஷமாக ஆசைப்பட்டது இதற்குத்தான். கிடைத்தபோது வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்.

“இதை அன்னைக்குச் செஞ்சிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?” என்றாள்.

ஹில்டாவின் கடைசிப் பெண் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக டோர்க்காஸ் கையைத் திறந்தாள். மண் குழிக்குள் விழுந்தது.

புதுக் கோயிலில் தண்ணீர் வருவதில்லை. காற்றுதான் வரும், மரங்களின் வாசனையோடு. ஹில்டாவும் பெண்களும் அடுத்த ஞாயிறே குட்டைத்தூணில் சாய்ந்துகொண்டு, நெடுநாள் சொத்துபோல் சொகுசாகக் காலை நீட்டினார்கள். டோர்க்காஸ் சாயவில்லை. பழைய பழக்கப்படி நடுவில் போய் வெறும் பாயில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரோ முனகிக்கொண்டே வந்து உட்காருவது கேட்டது. நெஸ்ட்டா.

“தூணு குடுத்தேன்ல, போய் அதுல சாயேன்டி.”

“நீ போய்ச் சாஞ்சுக்கோ.”

“எனக்கேது தூணு?”

“அப்ப பேசாம உக்காரு. மாமா பாக்குறாரு.”

இப்படியே மாதங்கள் போயின. இரண்டு பெண்களும் கோயில் நடுவில் அருகருகே, ஒருவர் மேல் ஒருவர் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நெஸ்ட்டாவுக்குப் பழக்கமில்லாததால் முதுகு சீக்கிரமே வலிக்க ஆரம்பித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டோர்க்காஸுக்குச் சொல்லாமலே தெரிந்தது. தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாள். மன்னிப்பு என்பது மாமா பிரசங்கத்தில் சொல்வதுபோல் சட்டென்று வருகிற சமாச்சாரமாக அவளுக்கு இல்லை. பாதிக் கனவில் சில நேரம் கோயில் முன்போலவே மிதக்கும். அப்போது நெஸ்ட்டாவும் கண்ணைத் திறந்து வைத்திருப்பது ஓரக்கண்ணில் தெரியும்.

பலாக்காய் முற்றும் பருவத்தில் நெஸ்ட்டா இறந்துபோனாள். காலையில் எழுந்து பாக்கு போட்டுக்கொண்டவள், அதைத் துப்புவதற்குக்கூட எழவில்லை. மணியாகத் தொங்கவிட்டிருந்த காலி கேஸ் சிலிண்டரை அடிக்க, ஊர் கூடியது. மாமா எலிசன் தயங்கித் தயங்கிச் சொன்னார். “கதவோரம் போடச் சொல்லிட்டுப் போயிருக்கா. யாரும் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாதீங்கன்னா. அவளுக்கு இப்ப இருக்கிற இடம் அதுதானாம்.” வழக்கமும் அதுதான். கதவோரம் பாயை விரித்துக் கிடத்தினார்கள். தலை உள்ளே, கால் வெளியே.

டோர்க்காஸ் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஊர் மொத்தமும் அவரவர் தூணருகே உட்கார்ந்திருந்தது. அவள் வாசலில் நின்றாள். நெஸ்ட்டாவின் பாதங்கள் நனைந்திருந்தன. பெரிய, பிளந்த, பிடிவாதமான பாதங்கள். டோர்க்காஸ் அவற்றை நெடுநேரம் பார்த்தாள். இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அது அவள் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை. நனையட்டும், நனைந்தால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும். பிறகு, செத்தவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத்தான் தெரியும். அதை ஒரு தரம் பார்த்தாயிற்று. இன்னொரு தரம் வேண்டாம்.

பாயைத் தாண்டி உள்ளே நடந்தாள். ஹில்டாவும் பெண்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். குட்டைத்தூணில் கையை வைத்தாள், காஸ்பரின் தலை தேய்த்த அந்த இடத்தில். ஊர் அவளையே பார்த்தது. அவள் சொன்னது கடைசி மூலைவரை கேட்டது.

“உள்ளே கொண்டுவாங்க.”

நாலு பேர் எழுந்து பாயோடு தூக்கினார்கள். மாமா எலிசன் ஜெபப்புத்தகத்தைத் திறந்தார், பக்கம் கிடைக்காமல் புரட்டிக்கொண்டே இருந்தார். நெஸ்ட்டாவைத் தூணடியில் கிடத்தினார்கள். ஹில்டா கால்களைத் துடைத்துவிட்டாள். டோர்க்காஸ் மெதுவாக, ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள். பாய் தூணை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு கிடந்தது.

“கொஞ்சம் தள்ளிப் படு மதினி” என்றாள். “எனக்கும் சாயணும்.”